முப்பது வருஷக் கட்டடமும் முன்னூற்று நாற்பது வருஷக் கோயிலும்

பி.காம் படிக்கிறவர்களுக்குத் தேய்மானம் என்றால் என்ன என்று சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சுருக்கமாக: ஒரு கட்டடம் எத்தனை வருஷம் உழைக்கும் என்று முதலிலேயே முடிவு செய்து, அதன் விலையை அத்தனை வருஷங்களுக்கும் பிரித்துக் கழித்துக்கொண்டே வருவது. 2013ஆம் வருஷத்துக் கம்பெனிகள் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. தொழிற்சாலை அல்லாத ஆர்.சி.சி. கட்டடம் என்றால் 60 வருஷம். ஆர்.சி.சி. இல்லாத கட்டடம் என்றால் 30 வருஷம்தான்.

சென்னைக் கோட்டைக்குள், தலைமைச் செயலகத்துக்குப் பக்கத்தில் செயின்ட் மேரி ஆலயம் இருக்கிறது. அதில் ஒரு மூட்டை சிமெண்ட் கூடக் கிடையாது, கம்பியும் கிடையாது. வெறும் செங்கல், சுண்ணாம்பு. அட்டவணைப்படி பார்த்தால் அதன் ஆயுள் 30 வருஷம். 1680ஆம் வருஷம் அக்டோபர் 28ஆம் தேதி அர்ப்பணிக்கப்பட்ட கட்டடம் அது! 1710லேயே கணக்குப் புத்தகத்தில் அதன் மதிப்பு பூஜ்யமாகியிருக்க வேண்டும். (கோயில்களுக்கு அந்த அட்டவணை பொருந்தாது என்று யாரும் சண்டைக்கு வர வேண்டாம். தெரிந்தேதான் எழுதியது!)

அப்படியென்றால் இந்தப் பழைய தேவாலயங்கள் எப்படி இவ்வளவு நாள் நின்றன? இனி எவ்வளவு நாள் நிற்கும்? யார் நிற்க வைப்பார்கள்? இந்தக் கட்டுரை அதைப் பற்றித்தான்.

பள்ளிக்கரணையில் ஏதாவது ஒரு நாலு மாடிக் கட்டடத்தின் மொட்டை மாடியில் ஏறி வடக்கே, கொஞ்சம் மேற்குப் பக்கமாகப் பார்த்தால் பரங்கிமலை தெரியும். சுமார் எட்டு கிலோமீட்டர் தூரம். உயரம் ஏறக்குறைய 300 அடிதான். ஆனால் சுற்றிலும் தட்டையான ஊர் என்பதால் அதுவே பெரிய மலை மாதிரி நிற்கும். ஒரு காலத்தில் கடலில் வந்த மாலுமிகளுக்கும் அது ஒரு அடையாளம். போர்த்துக்கீசியர்களைப் 'பரங்கியர்' என்று அழைத்ததால் அவர்கள் கோயில் கட்டிய மலை பரங்கிமலை ஆயிற்று. அந்த மலைக்குப் போகிற ரோடு என்பதால்தான் அண்ணா சாலைக்கு மவுண்ட் ரோடு என்று பெயர் இருந்தது. தினமும் மவுண்ட் ரோடு என்று சொல்லும் பலருக்கு அந்த மவுண்ட் எது என்பது ஞாபகத்துக்கே வராது.

மலைமேல் இருப்பது மாதா கோயில். இயேசுவின் சீடரான தோமா கொல்லப்பட்ட இடம் இது என்பது கிறிஸ்தவர்களின் நம்பிக்கை. 1523ல் போர்த்துக்கீசியர்கள் இங்கே கோயில் எழுப்பத் தொடங்கினார்கள் என்று சொல்லப்படுகிறது. 1547ல் தோண்டியபோது ஒரு கற்சிலுவை கிடைத்தது. சுற்றிலும் பாரசீகத்தின் பழைய பாஷையான பஹ்லவியில் எழுத்துகள். அதாவது, போர்த்துக்கீசியர் கப்பல் ஏறுவதற்குப் பல நூறு வருஷம் முன்பே பாரசீக வழி வந்த கிறிஸ்தவர்கள் இங்கே இருந்திருக்கிறார்கள். மலைக்கோயிலில் ரொம்பப் பழமையானது அந்தச் சிலுவைதான். கட்டடம் பின்னால் வந்து அதைச் சுற்றி நின்றது.

மலை ஏறப் படிகள் வந்தது இன்னும் பிறகு. கோஜா பெத்ரூஸ் உஸ்கான் என்கிற ஆர்மீனிய வியாபாரி தன் பணத்தில் கட்டிக்கொடுத்தார். யாத்திரை வருகிறவர்கள் அடையாற்றைக் கடக்க வேண்டும் என்று 1726ல் சைதாப்பேட்டையில் ஒரு பாலமும் கட்டினார். மர்மலாங் பாலம் என்று பெயர். அந்தப் பாலம் இன்று இல்லை. அதே இடத்தில் 1960களில் கட்டிய மறைமலை அடிகள் பாலத்தில்தான் பஸ்கள் போகின்றன. இந்த ஆர்மீனியர்களைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் மறுபடி வருவார்கள்.

இப்போது கட்டடத்துக்கு வருவோம்.

கோட்டைக்குள் இருக்கும் செயின்ட் மேரி ஆலயத்தை 1678ல் கட்ட ஆரம்பித்தார்கள். கவர்னர் ஸ்ட்ரெய்ன்ஷாம் மாஸ்டர் முன்னின்று நடத்தினார். செலவு கிழக்கிந்தியக் கம்பெனியுடையது இல்லை, ஊழியர்களும் குடியிருந்தவர்களும் சந்தா போட்டுக் கட்டினார்கள். பின்னாளில் யேல் பல்கலைக்கழகத்துக்குத் தன் பெயரைக் கொடுத்த எலிஹு யேலின் கல்யாணம் இங்கேதான் நடந்தது. 1753ல் ராபர்ட் கிளைவின் கல்யாணமும் இங்கேதான். இதெல்லாம் கைடுகள் சொல்லும் கதை. சுவாரஸ்யம் கூரையில் இருக்கிறது. சுவர் நாலடி கனம். மேலே மரமே இல்லாமல் செங்கல்லிலேயே வளைத்துக் கட்டிய கூரை, அதுவும் இரண்டடி கனம். பீரங்கிக் குண்டு விழுந்தால் தாங்க வேண்டும் என்பதற்காக அப்படிக் கட்டினார்கள். போர்க்காலங்களில் ஆட்கள் தங்கவும் தானியம் வைக்கவும் அதே கூரைதான் உதவியது. சாமி கும்பிட ஒரு கட்டடம், சண்டை வந்தால் ஒளிந்துகொள்ளவும் அதே கட்டடம். வியாபாரிகள் கணக்குப் பார்த்துத்தான் கட்டியிருக்கிறார்கள்!

அடுத்தது எழும்பூர். ரயில்வே ஸ்டேஷனிலிருந்து நடந்தே போகலாம். செயின்ட் ஆண்ட்ரூஸ் கிர்க். கிர்க் என்றால் ஸ்காட்லாந்துக்காரர்கள் பாஷையில் சர்ச். 1818ல் ஆரம்பித்து 1821ல் திறந்தார்கள். கட்டியவர் தாமஸ் ஃபியோட் டி ஹாவிலண்ட், ராணுவப் பொறியாளர். இவர் அதற்கு முன் ஸ்ரீரங்கப்பட்டணத்தில் செங்கல்லை மட்டும் வைத்து 112 அடி அகலத்துக்கு ஒரே வளைவு கட்டிக் காட்டினார். அது நூறு வருஷத்துக்கும் மேல் நின்றது.

கிர்க் இருக்கும் இடம் கூவத்துக்குப் பக்கம். களிமண். மழையில் ஊறி உப்பும், வெயிலில் வெடித்துச் சுருங்கும். பள்ளிக்கரணைக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். சதுப்பு நிலத்தை ஒட்டி அபார்ட்மெண்ட் கட்டுகிறவர்கள் பைல் இறக்கும் சத்தம் இங்கே எல்லோருக்கும் பழக்கம். 1818ல் பைல் இறக்கும் மெஷினுக்கு எங்கே போவது? டி ஹாவிலண்ட் நம் ஊர் வித்தையையே எடுத்துக்கொண்டார். உறைகிணறு! கீழடியில் தோண்டியபோது கிடைத்ததே, அதே சுட்ட மண் உறைதான். உறைக்குள்ளே மண்ணைத் தோண்டத் தோண்ட உறை கீழே இறங்கும், மேலே இன்னொரு உறை வைப்பார்கள். கெட்டி மண் வரும்வரை இறக்குவார்கள். இப்படி ஏறக்குறைய 150 கிணறுகளை இறக்கி, அவற்றின் மேல்தான் கோயிலைத் தூக்கி வைத்தார்கள். தண்ணீர் எடுக்க வெட்டும் கிணறு, 166 அடி கோபுரத்தைத் தாங்குகிற காலாக ஆயிற்று. உள்ளே வட்டமான கூடம், சுற்றிலும் 16 தூண்கள், மேலே செங்கல் குமிழ் மாடம். குமிழின் உட்புறம் நீல வானம் போல வர்ணம், அதில் பொன் நட்சத்திரங்கள். கரையான் அரிக்கும் என்பதால் கூரையில் மரமே சேர்க்கவில்லை. இருநூறு வருஷம் தாண்டிவிட்டது.

இந்தக் கட்டடங்கள் எல்லாவற்றிலும் பொதுவான ஒரு பொருள் சுண்ணாம்பு. சுண்ணாம்புக் காரை என்பது சிமெண்டின் ஏழைத் தம்பி என்றுதான் பலர் நினைக்கிறார்கள். இரண்டுமே வேறு வேறு குணம். சுட்ட சுண்ணாம்பை நீற்றி, மணலோடு அரைத்து, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்துப் பூசுவார்கள். அது காற்றிலிருக்கும் கரியமில வாயுவை இழுத்துக்கொண்டு மெதுவாக மறுபடி கல்லாகும். செங்கல்லைவிட மென்மையாக இருக்கும். சுவர் கொஞ்சம் அசைந்தாலும் தாங்கிக்கொள்ளும். முக்கியமாக, சுவருக்குள் ஏறும் ஈரம் அதன் வழியாக வெளியே போய்விடும். பாட்டி வீட்டுச் சுண்ணாம்புச் சுவர் மே மாதத்திலும் குளுகுளுவென்று இருந்ததற்கும் கனமான அந்தச் சுவர்தான் காரணம்.

இதன் மேல் சிமெண்ட் பூசினால் என்ன ஆகும்? முதல் இரண்டு வருஷம் பளபளவென்று இருக்கும். தரையிலிருந்து ஏறும் ஓதம் வெளியே வர வழியில்லாமல் உள்ளேயே தங்கும். உப்புப் பூக்கும். செங்கல் மாவாக உதிரும். பூச்சு பலகை பலகையாகக் கழன்று விழும். அப்போது ஒரு கான்ட்ராக்டர் வந்து தட்டிப் பார்த்து, "கட்டடம் பலவீனம் சார், இடிச்சுட்டுப் புதுசா கட்டிடலாம்" என்பார். கட்டடத்துக்கு வியாதி கொடுத்ததே போன ரிப்பேர்தான் என்பது அப்போது யாருக்கும் ஞாபகம் இருக்காது.

இந்த இடத்தில் ஐரோப்பாவை ஒரு எட்டுப் பார்த்துவிட்டு வரலாம். அங்கே தேவாலயங்களுக்கு இருக்கும் பிரச்சினை எல்லோருக்கும் தெரிந்ததே. ஆள் இல்லை. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் நகரத்தில் 13ஆம் நூற்றாண்டு தோமினிக்கன் தேவாலயம் ஒன்று 2006ல் புத்தகக் கடை ஆனது. இங்கிலாந்தில் பிரிஸ்டல் நகரத்தில் ஒரு தேவாலயத்துக்குள் சுவர் ஏறும் பயிற்சி நடக்கிறது (நிஜமாகத்தான்!). ஆளில்லாத ஆலயங்களைப் பார்த்துக்கொள்ளவே அங்கே 1969ல் ஒரு அமைப்பு தொடங்கி, இன்று 350க்கு மேல் அதன் கையில் இருக்கின்றன.

நம்மூரில் கதை தலைகீழ். ஞாயிற்றுக்கிழமை காலையில் தாம்பரம் பக்கமோ பல்லாவரம் பக்கமோ ஏதாவது ஒரு கோயிலைத் தாண்டிப் போயிருக்கிறீர்களா? உள்ளே இடமில்லாமல் வெளியே ஷாமியானா போட்டு, பிளாஸ்டிக் சேர் போட்டு, ஸ்பீக்கர் கட்டி, ரோடு வரைக்கும் ஜனம் நிற்கும். பள்ளிக்கரணையின் ஜனத்தொகை 2001க்கும் 2011க்கும் இடையில் மட்டும் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு ஆனது. தெற்கிலிருந்து வேலைக்கு வந்தவர்கள், ஐ.டி. கம்பெனிக்காரர்கள், எல்லோருக்கும் பூசைக்கும் ஆராதனைக்கும் இடம் வேண்டும். நூறு குடும்பத்துக்குக் கட்டிய கோயிலில் ஆயிரம் குடும்பம் எப்படி உட்காரும்?

ஆகவே ஐரோப்பாவில் பழைய தேவாலயம் காலியானதால் ஆபத்தில் இருக்கிறது. இங்கே நிரம்பி வழிவதால் ஆபத்தில் இருக்கிறது. தமிழ்நாட்டில் பாரம்பரியக் கட்டடம் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இதைக் கவனிப்பதில்லை என்றே தோன்றுகிறது. 'அறியாத ஜனங்கள் இடிக்கிறார்கள்' என்று சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். மழையில் நனைந்துகொண்டு வெளியே நின்று திருப்பலி காணும் ஒரு அம்மாவிடம் போய், உள்ளே இருப்பது 19ஆம் நூற்றாண்டு வளைவு, அதைத் தொடக்கூடாது என்று சொன்னால் அவர் என்ன நினைப்பார்? கோயில் அவருக்கு மியூசியம் இல்லை.

இது புதுப் பிரச்சினையும் இல்லை. சாந்தோம் பேராலயத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெள்ளை வெளேரென்று, வானத்தைக் குத்தும் கோபுரத்தோடு நிற்கிறதே, அதைத்தான் சென்னையின் பழமைக்கு அடையாளமாக எல்லாக் காலண்டரிலும் போடுகிறார்கள். தோமாவின் கல்லறை மேல் நிற்கும் கோயில் என்பது நம்பிக்கை. போர்த்துக்கீசியர்கள் 16ஆம் நூற்றாண்டில் அங்கே ஒரு கோயில் கட்டினார்கள். அது இப்போது எங்கே? 1893ல் இடித்துவிட்டார்கள்! அந்த இடத்தில் ஆங்கிலேயர் காலத்து கோதிக் பாணியில் புதிதாகக் கட்டி 1896ல் திறந்ததுதான் இன்றைக்கு நாம் பார்ப்பது. கூர்மையான வளைவுகள், வண்ணக் கண்ணாடி ஜன்னல்கள், எல்லாம் 19ஆம் நூற்றாண்டு. அதாவது இன்று பாரம்பரியம் என்று காப்பாற்றுகிற கட்டடமே, அதைவிடப் பழைய பாரம்பரியத்தை இடித்து வந்தது. சின்னமலையிலும் 1551ல் போர்த்துக்கீசியர் ஒரு சிறிய கோயில் கட்டினார்கள். 1970களின் தொடக்கத்தில், தோமா இறந்து 1900 வருஷம் ஆனதை ஒட்டி, அங்கே வட்ட வடிவத்தில் ஒரு நவீனக் கோயில் எழுந்தது. இன்னும் நூறு வருஷம் கழித்து அந்த வட்டக் கோயிலை இடிக்காதே என்று யாராவது வழக்குப் போடலாம்!

இதனால் இடிப்பது சரி என்று ஆகிவிடாது. 1893ல் இடித்தவர்கள் செங்கல்லும் சுண்ணாம்பும் தெரிந்த கொத்தனார்களை வைத்து, நூறு வருஷத்துக்கு மேல் நிற்கும் ஒன்றைக் கட்டினார்கள். இன்று ஒரு நல்ல சுண்ணாம்புக் கட்டடத்தை இடித்துவிட்டுக் கட்டப்படுவது, இரண்டாம் அட்டவணையே 60 வருஷம் மட்டும் தரும் ஆர்.சி.சி. அதுவும் கடற்காற்று அடிக்கும் சென்னையில், உள்ளே இருக்கும் கம்பி துருப்பிடிக்காமல் இருந்தால்! கணக்குத் தெரிந்தவர்கள் செய்கிற காரியமா இது?

ஆனால் கணக்கில் இன்னொரு பக்கமும் இருக்கிறது. பணம் எங்கிருந்து வருகிறது என்பது. புதுக் கோயில் கட்டுகிறோம் என்றால் நன்கொடை வரும். கொடுத்தவர் பெயர் பளிங்குக் கல்லில் வரும். ஜன்னலுக்கு ஒருவர், பீடத்துக்கு ஒருவர், மணிக்கூண்டுக்கு ஒருவர். "வடக்குச் சுவரில் ஓதம் ஏறியதைச் சரிசெய்தவர்" என்று யாருக்காவது கல்வெட்டு வைத்துப் பார்த்திருக்கிறீர்களா? கோபுரத்து இடுக்கில் முளைத்த அரசங்கன்றை வருஷா வருஷம் ஏறிப் பிடுங்குகிறவருக்கு? பராமரிப்புச் செலவு என்பது லாப நஷ்டக் கணக்கில் நஷ்டப் பக்கம் போகிற செலவு. புதுக் கட்டடமோ சொத்து. ஒரு பங்குக் குழுவோ சபைக் கமிட்டியோ எதைத் தேர்ந்தெடுக்கும் என்று யூகிக்கப் பெரிய அறிவு வேண்டாம். இன்னொன்று, சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார் கிடைப்பதும் குறைந்துவிட்டது. கிடைத்தாலும் கூலி அதிகம், நாளும் அதிகம்.

சட்டம் காப்பாற்றாதா என்று கேட்கலாம். கோட்டை மத்திய தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பதால் செயின்ட் மேரி ஆலயத்துக்குக் கவலையில்லை. பெரும்பாலான கோயில்கள் அந்தப் பட்டியலில் வராது. அவை மறைமாவட்டத்துக்கோ திருமண்டலத்துக்கோ சொந்தமான சொத்துகள். மவுண்ட் ரோட்டில் இருக்கும் பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்தை 2006ல் இடிக்கப் போனபோது வழக்கு நடந்து, 2010ல் சென்னை உயர்நீதிமன்றம் இடிக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கில்தான் நானூறுக்கும் மேற்பட்ட சென்னைக் கட்டடங்களின் பட்டியல் வெளிச்சத்துக்கு வந்தது. 2012ல் தமிழ்நாடு பாரம்பரிய ஆணையச் சட்டம் நிறைவேறியது. அது நடைமுறைக்கு வர 2024 ஆயிற்று. பன்னிரண்டு வருஷம்! ஒரு கிராமத்துக் கோயிலை இடித்துக் கட்டி அபிஷேகமும் முடிக்க இரண்டு வருஷம் போதும்.

வழியே இல்லையா என்றால், வேளாங்கண்ணியைப் பார்க்கலாம். பழைய கோயிலுக்கு இடம் போதாமல் 1970களில் பின்பக்கம் பெரிதாக்கினார்கள். அதற்கும் மேலே கூட்டம் பெருகியபோது, ஆயிரக்கணக்கானவர்கள் உட்காரும்படி விண்மீன் ஆலயம் என்று தனியாகக் கட்டினார்கள். பழைய பேராலயம் அதன் இடத்தில் இருக்கிறது. ஆனால் வேளாங்கண்ணியில் இடம் இருந்தது, பணமும் இருந்தது. ஒரு கிரவுண்டு விலை கோடியில் பேசப்படும் தென்சென்னையில், அரை ஏக்கர் வளாகத்துக்குள் பள்ளிக்கூடம், பங்குத் தந்தை இல்லம், கல்லறை எல்லாவற்றையும் வைத்திருக்கும் ஒரு கோயில் பக்கத்தில் இன்னொன்றை எங்கே கட்டும்? பரங்கிமலை உச்சியில் அதுகூட முடியாது. மலை அவ்வளவுதான்! அந்தச் சின்னக் கோயில் இன்றும் சின்னதாகவே இருப்பதற்கு அந்தக் குறுகிய உச்சியும் ஒரு காரணமாக இருக்கலாம்.

சரி, ஆர்மீனியர்கள்.

பாரிமுனையில் அரண்மனைக்காரத் தெரு என்று ஒன்று இருக்கிறது. ஆர்மீனியன் ஸ்ட்ரீட் என்பது 'அரண்மனை' ஆகிவிட்டது. அங்கே அரண்மனை எதுவும் கிடையாது. ஆர்மீனியர்களின் முதல் கோயில் 1712ல் கட்டப்பட்டது. இப்போது தெருவில் இருப்பது 1772ல் எழுந்தது. கனமான மரக் கதவைத் தாண்டி உள்ளே போனால் வெளியே இருக்கும் ஹாரன் சத்தம் பாதியாகக் குறைந்துவிடும். நீண்ட தாழ்வாரம், முற்றம் முழுக்கக் கல்லறைக் கற்கள், தனியாக நிற்கும் மணிக்கூண்டில் ஆறு பெரிய மணிகள். உலகத்தின் முதல் ஆர்மீனியப் பத்திரிகையான 'அஸ்தரார்' 1794ல் வெளிவந்தது சென்னையில்தான். அதை நடத்திய பாதிரியார் ஷ்மவோனியன் இந்த முற்றத்தில்தான் புதைக்கப்பட்டிருக்கிறார்.

ஒரு காலத்தில் ஊரின் பெரிய பணக்காரர்களாக இருந்த ஆர்மீனியர்கள் ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். தமிழ்நாட்டில் ஐரோப்பாவின் வியாதி வந்த கோயில் இது ஒன்றுதான் என்று சொல்லலாம். ஜனமே இல்லை. இருந்தும் கட்டடம் சுத்தமாக, வெள்ளையடித்து, பூட்டாமல் நிற்கிறது. காரணம், கல்கத்தாவில் இருக்கும் ஆர்மீனியர்களின் கமிட்டி இதைப் பராமரிக்கப் பணம் ஒதுக்குகிறது. பழைய வியாபாரிகள் விட்டுப்போன அறக்கட்டளைகள் அங்கே உண்டு. புதுக் கட்டடத்துக்கு அவசியமே இல்லாததால் அந்தப் பணம் பூச்சுக்கும் ஓட்டுக்கும் மணிக்கயிற்றுக்கும் போகிறது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பதரை மணிக்கு அந்த ஆறு மணிகளையும் அடிப்பது நீண்ட காலமாக அங்கே வழக்கம். பூசைக்கு வர ஒருவரும் இல்லாதபோதும் பராமரிப்பாளர் மேலே ஏறி அடித்திருக்கிறார். அதே நேரத்தில் பரங்கிமலை அடிவாரத்திலும் தாம்பரத்திலும் ஷாமியானாவுக்கு வெளியே வெயிலில் ஜனம் நின்றிருக்கும்.